பூனை தின்னாத கருவாடு

நான் கூப்பிட்டால் மட்டும் முதல் குரலுக்குத் திரும்பிப் பார்க்காத என் புவனாவுக்கு,

நல்லாயிருக்கியா என்று உன்னைக் கேட்பது சரிதானா, தெரியவில்லை. கேட்டு வைக்கிறேன். இங்கே நானும் வண்டியும் நலம். வண்டிக்கு கிளட்ச் மாற்றியாயிற்று. எனக்குத்தான் மாற்ற ஒன்றுமில்லை. நான் வைக்கிற சாம்பார் இன்னமும் ரசம் மாதிரிதான் வருகிறது. ரசம் எப்படி வருகிறது என்று சொல்லி உன் நிம்மதியைக் கெடுக்க மாட்டேன்.

நம்ம இலக்கியா அமெரிக்கா போய்விட்டாள். படுக்கையில் கிடந்தபோதும் "அப்ளிகேஷன் போட்டியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதே காலேஜ்தான். முழுச் செலவும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பத்தாவதோடு நின்றுவிட்டுக் குட்டியானை வண்டியில் தேங்காய் லோடு அடிக்கிற எனக்கு, திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டத்தான் தெரிந்தது. அவள் உள்ளே போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெரியவர் தனக்கென்று நினைத்துப் பதிலுக்கு ஆட்டினார். பாவம், அவரையும் வழியனுப்பி வைத்தேன்.

போன புதிதில் எப்போது பேசினாலும் "சாப்ட்டேன்ப்பா, படிச்சேன்ப்பா" என்பாள். அதற்கு மேல் வார்த்தை வராது. ஒரு தடவை ஜுரம் வந்து அறையிலேயே கிடந்திருக்கிறாள். "யாரும்மா பாத்துக்கிட்டா?" என்றேன். "இங்க யாருப்பா இருக்கா?" என்றாள். சொல்லிவிட்டு உன்னை மாதிரியே சிரித்தாள். பட்டுக்கோட்டைக்குப் போக வேண்டிய வண்டியை அன்றைக்கு ஒரத்தநாட்டிலேயே ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருஷம் ஒரு புதுச் சேதி சொன்னாள். அங்கே காலேஜில் பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று சங்கம் மாதிரி ஒன்று உண்டாம். சொராரிட்டி என்கிறார்கள். எனக்கு வாயில் நுழையவில்லை, சங்கம் என்றே சொல்லிக்கொள்கிறேன். கிரேக்க எழுத்து மூன்றைச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சேர்ந்துவிட்டால் ஆயுசுக்கும் அக்கா தங்கச்சிகளாம். அவர்கள் வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முன்னால் பெரிய பெரிய தூண், மேலே அந்த எழுத்து.

"என்ன பேங்க்குடி இது?"

"ஐயோ அப்பா! இதான் அந்த வீடு. என்னையும் சேத்துக்கிறாங்களாம்."

"ராகிங் பண்ணுவாளுவளா?"

"அதெல்லாம் இல்ல. பாடச் சொன்னாங்க, பாடினேன்."

"பாடினதுக்கு அப்புறமுமா சேத்துக்கிட்டாங்க?"

நம்ம குடும்பத்துக் குரல்வளம் உனக்குத் தெரியாததா?

அதற்கப்புறம்தான் வினை. புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் மூத்தவர்களில் ஒருத்தி அக்காவாக வருவாளாம். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம். ஒரு வாரம் தினமும் இவள் அறை வாசலில் ஏதாவது வைத்துவிட்டுப் போவாளாம். கடைசி நாள்தான் முகத்தைக் காட்டுவாளாம். முதல் நாள் என்ன வைத்திருந்தாள் என்று கேட்டேன். காலுக்கு சாக்ஸ், ஒரு ஆரஞ்சுப் பழம், ஒரு மெழுகுவத்தி என்றாள்.

புவனா, நீயே சொல். பேர் தெரியாத ஒருத்தி நம்ம பிள்ளை வாசற்படியில் பழமும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டுப் போனால் எந்த அப்பன் சும்மா இருப்பான்?

"தொடாத! பழத்தக் குறுக்க வெட்டியிருந்துச்சா? குங்குமம் கிங்குமம் தடவியிருந்துச்சா?"

"ஸ்டிக்கர்தான்ப்பா ஒட்டியிருந்துச்சு."

"என்ன ஸ்டிக்கரு?"

"பழக்கடை ஸ்டிக்கருப்பா!"

"என்னவா இருந்தாலும் தாண்டாத. சுத்திப் போ."

நேரே முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து, வீடியோவில் அவள் நெற்றி தெரிகிற இடத்தில் போன் மேலேயே பூசினேன். அதில் கொஞ்சம் ஸ்பீக்கர் ஓட்டைக்குள் போய்விட்டது. இப்போது யார் பேசினாலும் தொண்டை கட்டியவர் மாதிரிதான் கேட்கிறது.

அவளும் எதையும் எடுக்கவில்லை. அப்பன் பேச்சுக்கு என்ன மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நடு வாரத்தில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"வாசல்ல எல்லாம் அப்படியே கெடக்குப்பா. வச்ச பொண்ணு, எனக்கு அவள புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டாளாம். அந்த வீட்டுல ஒருத்தி சொன்னா."

"அப்பா சொன்னாருன்னு சொல்லிடு."

"நீ சொன்னதுக்காக இல்லப்பா," என்றாள். "தெனமும் வாங்கிக்கிட்டா நான் என்னத்தத் திருப்பிக் குடுப்பேன்? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் சேரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் நம்ம பிள்ளை கதவுப் பக்கம் வந்தவள் ஒரே ஒருத்தி. பிள்ளையின் கூச்சம் அவளைப் பாதி விரட்டியிருக்கிறது. மீதியை நான் திருநீறு பூசி விரட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் தாளடி நடவுக்கு நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். உன் நடவுக் கூட்டம்தான் நட்டுக்கொண்டிருந்தது. வளர்மதி அக்காதான் இப்போதும் அவர்களுக்குத் தலைவி. மனசு தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, கையில் இருந்த சேற்றோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் தம்பி, புவனா தூக்குல யாரு கருவாடு வச்சான்னு இன்னுமா ஒனக்குத் தெரியாது?"

எனக்கு மறந்தே போயிருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்தவள் நீ. கல்யாணமாகி வந்த புதிதில் சேற்றில் கால் வைக்கத் தெரியாமல் இவர்களோடு நடவுக்குப் போனாய். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால், பழைய சோற்று மேல் நீ வைக்காத சுட்ட கருவாடு ஒரு துண்டு. தினமும். சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னாய். அன்றைக்கும் நான் இதையேதான் சொன்னேன்: "யார் வச்சதோ, தூக்கிப் போடு." நீ என்ன சொன்னாய்?

"சாப்ட்டேன் மாமா. உப்புதான் கொஞ்சம் கூட."

அதை வைத்தது வளர்மதி அக்காவாம்.

"நேரா குடுத்தா புதுசா வந்த புள்ள வேணாம்னுதான் சொல்லும். பேரு தெரிஞ்சா திருப்பிக் குடுக்கணுமேன்னு கூச்சப்படும். யாருன்னே தெரியலன்னா என்ன பண்ணும்? தின்னுதானே ஆவணும்?" என்றார். பிறகு சொன்னார், "அடுத்த வருசத்துலேருந்து புவனாதான் வச்சா. புதுசா எந்த மருமவ நடவுக்கு வந்தாலும் முதல் ஒரு வாரம் தூக்குல கருவாடு இருக்கும். எங்கள வைக்கவே வுட மாட்டா."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். முத்துப்பேட்டை லோடு போகும்போதெல்லாம் வாளைக் கருவாடு வாங்கி வருவேன். நடவு நேரத்தில் மட்டும் அது எப்படியோ தீர்ந்துபோகும். பூனைதான் என்று நான் விளக்கமாற்றோடு துரத்தும்போது, நீ முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பாய். பூனைக்குப் பயந்து நிற்கிறாய் என்று நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம்! உன் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? உன் காரியத்தன்று அத்தனை பெண்கள் தாயைப் பறிகொடுத்த மாதிரி அழுதார்களே, அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பேன் என்றுதானே?

அங்கேயே இலக்கியாவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது சாயங்காலம். நடந்ததெல்லாம் சொன்னேன்.

"அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையேப்பா."

"என்கிட்டயே சொல்லலடி."

வளர்மதி அக்கா சேற்றுக்கையோடு போனைப் பிடுங்கினார். "ஏ இலக்கியா! கதவத் தொற. உன் கூச்சத்தத் தூக்கி ஓரமா வையி. அடுத்த வருசம் எவ புதுசா வராளோ அவளுக்கு நீ வையி. இந்தக் கடன் அப்படித்தான் தீரும். இப்ப எடுத்துத் தின்னு."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. நடவு ஆட்கள் எல்லோரும் நாற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

"சாக்லேட்டுப்பா," என்றாள்.

"எப்படியிருக்கு?"

"இனிப்புதான் கொஞ்சம் கூட."

சொல்லிவிட்டு அழுதாள். இங்கேயும் ரெண்டு மூன்று பேர் மூக்கைச் சிந்தினார்கள். நான் இல்லை. எனக்கு ஜலதோஷம்.

கடைசி நாள் அந்தப் பெண் முகத்தைக் காட்டினாளாம். ஹன்னா என்று பெயர். மக்காச்சோளம் போடுகிற வீட்டுப் பெண்ணாம், நல்ல உயரம். வீடியோவில் "ஹலோ அப்பா" என்றாள். நான் எழுந்து ரெண்டு கையையும் கூப்பியதில் போன் கீழே விழுந்து, அந்தப் பெண் பார்த்ததெல்லாம் என் கைலிக் கரையைத்தான். போன வாரம் இலக்கியாவுக்கு மறுபடி ஜுரம். ஹன்னா கதவைத் தட்டி, சூப்போடு வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். இதைத்தான் உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எதைத்தான் வரிசையாகச் சொல்லத் தெரிந்தது?

இன்னொரு சேதி. புதுக்கோட்டைப் பக்கம் கடலைக்கொல்லை ஊரிலிருந்து நம்ம தெருவுக்கு ஒரு மருமகள் வந்திருக்கிறாள். நடவுக்கு வந்தவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நீ போனபிறகு யாரும் கருவாடு வைக்கவில்லையாம். "அது புவனா வேல," என்று விட்டுவிட்டார்களாம். நான் வாங்கி வந்து, சுட்டு, வாழையிலையில் சுற்றி வளர்மதி அக்காவிடம் கொடுத்தேன். நானே போய் அந்தப் பெண் தூக்கில் வைத்தால் ஊர் வேறு கதை பேசும். மத்தியானம் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூடியைத் திறந்தாள். சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் அவரவர் சோற்றில் குனிந்திருந்தார்கள். பிறகு பிட்டு வாயில் போட்டாள்.

முத்துப்பேட்டைக்கு என் வண்டி ஓடுகிறவரை அந்தத் தூக்கு வெறும் சோற்றோடு இருக்காது. அடுத்த வருஷம் இலக்கியா அங்கே வைப்பாள், நான் இங்கே வைப்பேன். நம்ம சமையற்கட்டில் இனி கருவாடு குறைந்தால் எந்தப் பூனையையும் துரத்த மாட்டேன். உன்மேல் சத்தியம்.

இலக்கியாவுக்கு அப்பா,
என்றைக்கும் உனக்கு மாமா.