பின்பக்கம் ஜோடி டயர் பூட்ட அனுமதி கேட்டு

அனுப்புநர்:
டைல்ஸ் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரரின் மனைவி,
மெத்தைக் கடைச் சந்து, மாடிப்படிக்குக் கீழுள்ள வீடு.

பெறுநர்:
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் வண்டியில் கழற்றப்பட்ட கூடுதல் பின் சக்கரங்களை மீண்டும் பூட்ட அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் கணவர் சொந்த வண்டியில் கடைகளுக்கு டைல்ஸ் பெட்டிகள் கொண்டு சேர்த்து வந்தார். சென்ற ஆண்டு பாலத்து இறக்கத்தில் பின் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. அன்று முதல் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முன் அறையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். பாரம் அதிகமா என்று கேட்பீர்கள். அதிகம்தான். குறைத்து ஏற்றினால் கடைக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

2. இப்போது வண்டியை என் மகள் ஓட்டுகிறாள். உரிமம் உண்டு. சாவியைக் கொடுக்க அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பின்பக்கம் இருபுறமும் ஜோடி டயர் பூட்ட வேண்டும், ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கும். மெக்கானிக்கான என் தம்பி சக்கரம் பூட்டும் ஹப்பை மாற்றி, மட்கார்டை அகலப்படுத்திப் பூட்டிக் கொடுத்தான். முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் தலையைச் சொறிகிறான்.

3. கடந்த மாதம் தங்கள் ஆய்வாளர் வண்டியை நிறுத்தி, பதிவில் நாலு சக்கரம், தரையில் ஆறு சக்கரம் என்றார். அவர் சொன்னது சரிதான். பழையபடி மாற்றிக் காட்டிய பிறகே வண்டியை விட்டார். அனுமதி கேட்டு வந்தால், வண்டி தயாரித்த கம்பெனியின் கடிதம் வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். நாங்கள் செய்யாத மாற்றத்துக்கு எப்படிக் கடிதம் தருவது என்று கம்பெனியில் கேட்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நடுவில் கிடந்து நான்தான் அல்லாடுகிறேன். "நான் என்னம்மா பண்ணட்டும், கம்ப்யூட்டர் ஏத்துக்கலையே" என்று தங்கள் எழுத்தரே வருத்தப்படுகிறார்.

4. கழற்றிய விஷயம் என் கணவருக்குத் தெரியாது. வண்டி சந்து முனையில் நிற்பதால் அவர் பார்க்க வழியில்லை. தினமும் மகள் கிளம்பும்போது, "பின்னாடி நாலு டயரையும் தட்டிப் பாத்தியாம்மா?" என்று படுத்தபடியே கேட்கிறார். "பாத்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். அவள் திரும்பும்வரை சந்து முனைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். போகாதே என்று சொல்லவும் முடியவில்லை, வீட்டில் வேறு வருமானம் இல்லை.

ஆகவே, கம்பெனிக் கடிதத்தை வற்புறுத்தாமல் தாங்களே ஒருமுறை வண்டியைப் பரிசோதித்து அனுமதி தந்து உதவுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எதை இன்னும் உறுதிப்படுத்தச் சொன்னாலும் செய்கிறோம். இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
வண்டி உரிமையாளருக்காக,
அவர் மனைவி.

குறிப்பு: உரிமையாளர் கையெழுத்து இல்லாத மனு செல்லாது என்று சொன்னார்கள். அவரிடம் கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று கேட்பார்.