மாரிமுத்து முடித்த நாற்காலி

14.6.1974, வெள்ளி
பதுளை

இன்று காலை மாரிமுத்து ஒரு மூட்டையோடு எங்கள் ஊனமுற்றோர் பயிற்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையை இழந்தவர். மூன்று மாதமாக என்னிடம் பிரம்பு பின்னப் பழகுகிறார்.

"குடியிருந்த காம்பராவுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க சார். காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வராதவனுக்கு லயத்துல எடம் இல்லையாம்."

"பிள்ளைங்க?"

"தெமோதரையில தங்கச்சிகிட்ட விட்டிருக்கேன். அவ புருஷன் மூஞ்சியே சரியில்ல."

கை போன பிறகு தோட்டத்தில் கேட் காவல் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த வேலையை விட்டு வரச் சொன்னவன் நான். தோட்டத்து வீட்டு வரிசைக்கு, அந்த லயத்துக்கே போய்ச் சொன்னேன். வீடும் வேலையோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு மனு எழுதலாம் என்றேன்.

"எழுதுங்க. அதுக்குள்ள இந்த நாக்காலிய முடிச்சிடுறேன். பாதியில விட்டா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்று சிரித்தார்.

பிரம்பைப் பல்லால் கடித்து இழுத்து, மாலைக்குள் முடித்தும்விட்டார்.

"ஒக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தேன். நன்றாகத் தாங்கியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல வேலை என்றேன். இரவு எங்கே படுப்பீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தனியாகத் தங்கியிருக்கும் இந்த அறைக்கு அழைத்து வர வேண்டியிருக்கும்.