மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம்,
கடையிலிருந்து.

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நானும் குட்டியும் சுகம். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கடையில் பெரிய ஜெராக்ஸ் மெஷின் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். எப்படி இருந்தாலும் இதைப் படித்ததும் நன்றாகிவிடுவாய். முதலில் எங்காவது போய் உட்கார். விடுதி வாசலில் நின்றுகொண்டு படிக்காதே.

உனக்கு இடம் கிடைத்துவிட்டது. சட்டக் கல்லூரியில்தான், மாலை வகுப்பில்தான். உன் பெயர்தானா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. விண்ணப்பத்தில் வீட்டு முகவரி கொடுத்திருந்ததால் கடிதம் இன்று காலை என் கைக்குத்தான் வந்தது. அசலை இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் புதன்கிழமைக்குள் நீயே நேரில் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்றவர்கள் இப்போது எப்படி வா என்கிறார்கள் என்று கேட்பாய். போனில் சொல்லியிருந்தால், இடம் கிடைத்தது என்ற முதல் வரியிலேயே நீ அழ ஆரம்பித்திருப்பாய். மீதியைச் சொல்லாமல் நானும் நழுவியிருப்பேன். என் சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் கூரியரில் கடிதம். நாளைக் காலை வந்துவிடும். தயவுசெய்து கடைசி வரை படி.

அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பியது உன் மார்க் குறைவாக இருந்ததால் இல்லை. நான் எடுத்து அனுப்பிய ஜெராக்ஸால்தான்.

கல்யாணமான புதிதில் உன் பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியலை ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டினேன் அல்லவா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்கள் வீட்டம்மா பட்டதாரி என்று பீற்றிக்கொள்ளத்தான் மாட்டினேன். காகிதம் சுருங்கக் கூடாது என்று பின்னால் கெட்டி அட்டை வைத்து, பைண்டிங் பசையை மூலை முடுக்கெல்லாம் தடவி ஒட்டினேன். நீ அங்கிருந்து படிவத்தை அனுப்பி, சான்றிதழ்களின் நகலை இணைத்துச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னபோது, ஃபிரேமைக் கழற்றி அட்டையோடு அப்படியே மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து முன்பக்கத்தை எடுத்தேன். படிவத்தில் இரண்டு பக்கமும் இணைத்தாயிற்றா என்று ஒரு கட்டம் இருந்தது. பின்பக்கம் வெறும் காகிதம்தானே என்று டிக் போட்டுவிட்டேன். பதினாறு வருஷமாக வருகிறவனிடமெல்லாம் முன்னும் பின்னுமா என்று கேட்டுக் கேட்டு நகல் எடுத்துக்கொடுக்கிறவன், சொந்தப் பெண்டாட்டி காகிதத்துக்குக் கேட்கவில்லை. உனக்கும் அதைத் திருப்பிப் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

அந்தப் பின்பக்கத்தில்தான் உன் கல்லூரியின் மதிப்பீட்டு முறை அச்சடித்திருந்தது. அது இல்லாததால் சட்டக் கல்லூரிக்காரர்கள் உன் அறுபத்தேழைப் பத்துப் புள்ளிக் கணக்கில் 6.7 என்று எழுதிக்கொண்டார்கள். ஏழுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்ப்பதில்லையாம். அதே சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த மாடி வீட்டு வங்கிக்காரரின் பையனுக்கு அவன் கல்லூரியில் 9.3. அவர் படியில் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் படிப்பு வருமா தம்பி, விடுங்கள் என்று ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு உன்னிடம் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். திருப்பி அனுப்பிய கடிதம் வந்த அன்று போனில் உனக்கு வாய் வலிக்க ஆறுதல் சொன்னேன். போனை வைத்ததும் பீரோவில் உன் தட்டில் நான் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தேன். துடைத்தேன். நீ அந்த வக்கீல் ஆபீஸ் டைப்பிங் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய், ஒன்றரை வருஷ விடுதி வாசம் முடிந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். குட்டிகூட, ஏம்ப்பா பாட்டுப் பாடுறீங்க என்று கேட்டாள். உன் வருத்தத்தில் எனக்கு ஒரு பங்கு சந்தோஷம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மூன்றரை வாரம் இருக்கும். இருபத்திரண்டு வயது இருக்கலாம், கையில் ஒரு பச்சைக் கோப்பு. நகல் கேட்டுவிட்டு நிமிர்ந்தவள், சுவரில் இருந்த உன் ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் உன் கல்லூரியாம். அறுபத்தேழா, யாருண்ணா இவங்க, எங்க டிபார்ட்மென்ட்லயே அறுபத்தஞ்சைத் தாண்டினவங்க ரெண்டே பேர்தான் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கோப்பைப் பார்த்தேன். சராசரி அறுபத்து நாலு. அதற்கு மேலே உன்னைத் திருப்பி அனுப்பிய அதே சட்டக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம்.

உன்னைவிட மூன்று மார்க் குறைவு. அவளுக்கு இடம், உனக்கு இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள்.

“பின்பக்கம் அனுப்பலையாண்ணா? நம்ம காலேஜ்ல அதானே முக்கியம்.”

வெளிறிய சாம்பல் எழுத்து. எழுபதுக்கு மேல் தனிச்சிறப்பு, அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு, முதல் வகுப்பு பெறுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருப்பது அரிது. உங்கள் கல்லூரியில் மார்க் போடுகிறவர்களுக்குக் கை அவ்வளவு தாராளம். சில கல்லூரிகளில் தொண்ணூறை அள்ளி வீசுகிறார்கள், உங்கள் கல்லூரியில் அறுபதையே பூட்டி வைத்திருக்கிறார்கள். சட்டக் கல்லூரியில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறதாம். எந்த மார்க்குக்கு என்ன மதிப்பு என்று பின்பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்வார்கள். பின்பக்கம் இல்லாவிட்டால் அவர்கள் எதைப் பார்த்து மாற்றுவார்கள்? அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். மறுபரிசீலனை கேட்க நாற்பத்தைந்து நாள் உண்டு. அவள் போனதும் உன் கடிதத்தை எடுத்துத் தேதியை எண்ணினேன். ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம், மெஷின் மக்கர், குட்டிக்குச் சளி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. இன்னும் ஆறு நாள் சும்மா இருந்தால் போதும், நாள் தாண்டிவிடும், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் அந்த ஃபிரேமுக்குக் கீழே உட்கார்ந்துதான் வேலை செய்தேன். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீ போன் செய்தாய். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. சட்டப் புத்தகங்களை எல்லாம் அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாய். அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னாய்.

“கடைல இருக்கிற அந்த ஃபிரேமைக் கழட்டிடுங்க. அந்த மார்க்கைப் போய் மாட்டி வச்சிருக்கோமேன்னு கூச்சமா இருக்கு.”

நான் சரி என்றேன். ஃபிரேமைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னோடு சண்டை போட்டு வேலைக்குப் போனவள், வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடித்துக்கொண்டே அவர் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று என்னிடம் விளக்கியவள், தன் மார்க்குக்காகக் கூச்சப்படுகிறாள். நீ கூச்சப்பட வேண்டிய ஆள் இல்லை என்று நிரூபிக்கிற காகிதம் என் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷம் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அட்டையை ஆவியில் காட்டி, மெல்லிய இரும்பு ஸ்கேலை ஓரத்தில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். என் கையால் ஒட்டியதை என் கையாலேயே பிரிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. இனி யாராவது என் பைண்டிங் பிரிந்து வருகிறது என்று குறை சொன்னால் பார்த்துக்கொள்கிறேன். முன்பக்கத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்பக்கத்தின் நடுவில் இரண்டு வரி அட்டையோடு போய்விட்டது. அந்த இரண்டு வரிதான் முதல் வகுப்பு பற்றியது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு உன் கல்லூரிக்கே போனேன். தேர்வுப் பிரிவில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. அசல் சான்றிதழை எவனாவது பசை போட்டு ஒட்டுவானா என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். ஒட்டியவன் நான்தான் என்று சொல்லி அசடு வழிந்தேன். என்ன தொழில் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். ஜெராக்ஸ், பைண்டிங் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் நல்ல மனுஷி. உட்காரச் சொல்லிவிட்டு, நீ படித்த வருஷத்துப் பேரேட்டை அவரே இறக்கித் தூசி தட்டிப் பார்த்தார். மதிப்பீட்டு முறையை விளக்கி முத்திரை வைத்து ஒரு கடிதம் எழுதினார். அதில் கடைசி வரியை நான் கேட்கவில்லை, அவராகவே சேர்த்தார். அந்த வருஷம் தேர்வு எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நீ மூன்றாவது. பதினொரு வருஷமாக உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சான்றிதழில் ரேங்க் போடும் வழக்கம் அங்கே இல்லையாம். வீடு வரும் வழியெல்லாம் பேருந்தில் அந்த வரியைப் படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நாலு நாள் மிச்சம் இருக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை, மறுபடியும் இல்லை என்று வந்தால் நீ இரண்டாம் தடவை உடைய வேண்டாம் என்றுதான். இந்த மௌனத்துக்காவது கொஞ்சம் நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். உன் அறுபத்தேழு அவர்கள் அட்டவணையில் 8.9. இன்று காலை வந்த கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாடி வீட்டுப் பையனின் 9.3 அதே அட்டவணையில் 8.1 ஆகிவிட்டது. அவனுக்கும் இடம் உண்டு, ஆனால் அவன் அப்பா அநியாயம் அநியாயம் என்று படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் படிப்பு வருமா சார் என்று கேட்க வாய் வரை வந்தது, பையன் பாவம் என்று விழுங்கிவிட்டேன்.

குட்டிக்கும் ரிப்போர்ட் கார்டு வந்திருக்கிறது. அவள் பள்ளியில் மார்க்கே கிடையாது, நட்சத்திரம்தான். அவளுக்கு நாலு. ஐந்துக்கா, பத்துக்கா என்று டீச்சரிடம் போய்க் கேட்டேன். இவ்வளவு பட்ட பிறகும் கேட்காமல் இருப்பேனா? ஐந்துக்குத்தான்.

உனக்கு இடம் கிடைத்ததை அவளிடம் சொன்னேன். குதித்தாள். எத்தனை வருஷம் என்று கேட்டாள். மூன்று என்றேன். அப்ப நான் ஆறாங்கிளாஸ் போயிடுவேன் என்று சொல்லி, விரலை மடக்கிச் சரிபார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். சனி, ஞாயிறு வகுப்பு இல்லையாம், கேட்டுவிட்டேன். மாதம் இரண்டு தடவை நீ வரலாம், ஒரு தடவை நாங்கள் வரலாம். தலைவாரிப் பின்னுவது எனக்கு இன்னும் கோணலாகத்தான் வருகிறது, ஆனால் முன்பு போல் அவள் அழுவதில்லை. இங்கே எல்லாம் நடக்கும். புத்தகங்களை மட்டும் அந்த அறைத்தோழியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்.

எனக்காக ஒன்று செய். புதன்கிழமை வரை குட்டியோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. கொடுத்தால், சேரட்டுமா என்று கேட்பாய். சேர் என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் பேசாமல் இருப்பேன், உனக்கு அது கேட்டுவிடும். அதனால் முதலில் கையெழுத்தைப் போட்டுவிடு. மை காய்ந்ததும் கூப்பிடு.

எல்லா நலமும் உனக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்