இடது மூலையில் ஓர் இருட்டு

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவும் தேறி வருகிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்காமல் போனைத் தூக்கிவிடுவாய். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது, அவகிட்ட மூச்சு விடாதே என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதக் கடைசியில் நம் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் படுத்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் ரெண்டு விநாடி படம் வரும், உடனே இருண்டுவிடும், கீழே பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி எரிந்துகொண்டிருக்கும். அப்பா டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், எழுத்தெல்லாம் மங்கலாக உள்ளே இருந்தது. படம் இருக்கு, பின்னாடி வெளிச்சம்தான் போச்சு, நானே பாத்துடுறேன் என்றார். அச்சகத்துக்காரர் பிழை பார்க்கக் கொடுத்த புத்தகம் பாதியில் நிற்கிற அவசரம் அவருக்கு. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறப் போட்டுத்தான் திறந்தார், ஆனாலும் கரண்ட் பிடித்தால் தட்டிவிடலாம் என்று துடைப்பக்கட்டையோடு பக்கத்திலேயே நின்றேன். ஷாக் அடிக்கிறதுக்கு முன்னாடி நீ அடிச்சிடுவ போலிருக்கே என்று சிரித்தார். உள்ளே மூன்று கண்டென்சர் தலை உப்பிப்போயிருந்தது, கடையில் அதே மாதிரி வாங்கி வந்து சால்டரிங் செய்து மாட்டினார், திரை பளிச்சென்று வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், இடது பக்கம் கீழ் மூலை இருட்டா இருக்கே, மூடும்போது எதையோ அழுத்திட்டேன் போல என்றார். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சொன்னால், நீ முதல்ல கண்ணாடிய மாத்து என்று என்னையே மடக்கினார். மறுபடி கழற்றினார், மாட்டினார், மறுநாளும் கழற்றினார், இருட்டு பெரிசாகிவிட்டது என்றார். மூன்றாம் நாள் காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவர் மானிட்டரைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார். கோளாறு திரையில் என்றால் இருட்டு இப்போது மேலே வலது பக்கம் போயிருக்க வேண்டும் இல்லையா, போகவில்லை, அதே இடது மூலையில் இருந்தது. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன் கையில இருக்கிற துணி எனக்குத் தெரியலடி என்றார். அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

அவருக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம், வலது கண்ணை நம்பித்தான் மனிதர் ஓடிக்கொண்டிருக்கிறார். மூணு நாளாக ஓரத்தில் மின்னல் அடித்ததாம், கொசு பறந்ததாம், சால்டரிங் புகை என்று நினைத்துச் சொல்லவில்லையாம். சாயங்காலம் போலாம் என்றவரைச் சட்டைகூட மாற்ற விடாமல் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். விழித்திரை கிழிந்து உரிந்து வருது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நடுப்பகுதியும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. மறுநாளே ஆபரேஷன். வெளியே உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் உனக்குப் பேச நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். அதற்கு என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. இன்றோடு ஒன்பது நாள், கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழ் வைத்திருக்கிறார்கள், அது விழித்திரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்று முக்கால்வாசி நேரம் கவிழ்ந்தே கிடக்கிறார். நேற்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே நீட்டிய விரலைச் சரியாக எண்ணினார், எழுத்து மட்டும் பிடிபடவில்லை, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாமாம், மறுபடி உரிந்தாலும் உரியலாமாம். அந்த ‘உரிந்தாலும்’தான் எனக்குச் சோறு இறங்க விடவில்லை. மணிக்கு ஒரு தரம் இருட்டு தெரியுதா என்று கேட்கிறேன், தெரியுது, நீதான் வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிற என்கிறார். புத்தகத்தை நான் வாசிக்க, தலையணையில் முகம் புதைத்தபடி அவர் பிழை சொல்கிறார், அங்க ஒரு ‘க்’ வருமே, முழுங்கிட்டியா என்று அதட்டல் வேறு. அந்த அதட்டலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

இப்போது உன் விஷயம். பிள்ளைங்க யாருக்காவது இதே மாதிரி தடிக் கண்ணாடியா என்று டாக்டரம்மா கேட்டார், உன்னைச் சொன்னேன், அப்படின்னா அவங்களுக்கும் இது வரலாம், உடனே பாக்கணும் என்றார். அப்பாவின் மூக்கு உனக்கு வரவில்லை, பொறுமை வரவில்லை, பவர் மட்டும் அச்சாக வந்திருக்கிறது. இந்த வாரமே போய்க் கண்ணில் மருந்து விட்டு உள்ளே முழுக்கப் பார்க்கச் சொல், கண்ணாடிக் கடையில் பார்ப்பது போதாது. லீவு கிடைக்கலம்மா என்று சொல்லாதே. அப்பாவே உன்னிடம் சொல்லும்போது இப்போதுதான் கேட்கிற மாதிரி பதறு, எனக்காக அந்த ஒரு நாடகம் போடு. நீ கண்ணும் உடம்பும் நோகாமல் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். அம்மா பயந்துபோய் எழுதுகிறாள் என்று நினைப்பாய், ஆமாம், பயந்துபோய்த்தான் எழுதுகிறேன், போய்ப் பார்த்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா