விடு, விடுங்க

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பிள்ளைகளைக் குதிரை நிலையில் நிறுத்தவில்லை. ஆறு வயதுக் காலை அரை மணி நேரம் மடக்கி வைத்தால் கராத்தேயா வரும், மூத்திரம்தான் வரும். போன மாதம் ஒருத்திக்கு வந்தது. கூடத்தை நடத்தும் பெரிய மாஸ்டரின் அட்டவணை வளர்ந்தவர்களுக்குப் போட்டது. அதைச் சுவரிலேயே தொங்கவிட்டு, விழுவது, உருள்வது, பிடித்த கையை உருவிக்கொண்டு ஓடுவது என்று மாற்றிவிட்டேன். தெரிந்தால் குதிப்பார். குதிக்கட்டும்.

ஜூன் 5

அடிக்கும்போது போடும் 'கியாய்' கூச்சலையும் தூக்கிவிட்டேன். தெருவில் ஒரு குழந்தை 'கியாய்' என்றால், ஏதோ விளையாட்டு என்று எல்லாரும் போய்க்கொண்டே இருப்பார்கள். 'விடு' என்று கத்தினால் ஆள் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மணிக்கட்டைப் பிடித்தேன். பதினொரு பிள்ளைகளும் வரிசையாக, "விடுங்க டீச்சர்." ஒருவன் "ப்ளீஸ்" வேறு சேர்த்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு இவர்களைப் பிடிக்கிறவன் பெரியவனாகத்தானே இருப்பான்? அவனுக்கும் மரியாதையா?

ஜூன் 12

குண்டூசியின் அப்பா வந்தார். இருக்கிறதிலேயே சின்னவள் அவள், அதனால் நான் வைத்த பட்டப்பெயர்; வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவர் வங்கியில் காசாளர்.

"பெரியவங்கள வா போன்னு பேசவா கத்துக்குடுக்கறீங்க? தலை வாரிவிட்டா என்னையே 'விடு'ங்கறா."

"விட்டீங்களா?"

யோசித்தார். "விட்டேன்."

"அப்ப பாடம் நல்லாத்தான் ஏறியிருக்கு."

சிரிக்கவில்லை மனிதர். நேரே மாஸ்டர் அறைக்குப் போனார்.

ஜூன் 13

மாஸ்டர் கூப்பிட்டார். "பதினெட்டு வருஷம் நான் சொல்லிக்குடுத்தது இதானா? அடுத்த ஞாயித்துக்கிழம தேர்வு. என் கூடத்துல அந்த வார்த்த காதுல விழுந்துச்சு, வகுப்ப வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்."

அக்காவிடம் சொன்னேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியாடி?"

மாட்டேன்.

ஜூன் 21

எழுதவே கூசுகிறது. "நாளைக்கு மட்டும் 'விடு' வேணாம் கண்ணுங்களா" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். வகுப்பு போய்விடுமே என்ற பயம். என் வீராப்பெல்லாம் எங்கே போச்சு?

ஜூன் 22, ஞாயிறு



பிடியிலிருந்து விடுபடும் தேர்வு. குண்டூசியின் மணிக்கட்டை மாஸ்டரே பிடித்தார். அவள் சரியாகத்தான் திருப்பினாள். அந்தப் பிடி யாருக்கு அசையும்? நானே அசைத்ததில்லை. "கத்து" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான்தானே வேண்டாம் என்றவள். "விடுங்க" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். அவர் இன்னும் இறுக்கினார். "கத்துன்னு சொன்னேன்ல." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"விடு."

கத்தினது நான். பதினெட்டு வருஷமா வாங்க, போங்கன்னு கூப்பிட்ட மனுஷனை. பிள்ளைகளின் அப்பா, அம்மா எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

விட்டார். சட்டென்று, சூடு பட்ட மாதிரி விட்டார். அப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. "வெளிய போ" என்றார். பெல்ட்டை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

தப்பா? ஒருநாள் முன்னாலேயே கத்தியிருக்கணும். அது ஒன்றுதான் தப்பு.

ஜூன் 23

அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 8

தையல் கடைக்கு மேல் மாடியில் என் சொந்த வகுப்பு. ஓட்டை மின்விசிறி, இரவல் பாய்கள். ஏழு பேர் வந்தார்கள். கடைசியாகக் குண்டூசி, அவள் அப்பாவோடு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்களை நேராக்கினார்.

குண்டூசியின் கையைப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன்.

"விடு."

அந்த உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. கீழே தையல் மெஷின் நின்றது. படியில் தடதடவென்று சத்தம். தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக மூச்சிரைக்க வந்து நின்றார்.

"யாரு? என்னாச்சு பாப்பா?"

குண்டூசி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீச்சர், ஆள் வந்துட்டாங்க" என்றாள்.