மேல்வீட்டுக் கட்டில்

அக்கா,

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு உங்கள் கட்டிலை யாரோ இழுத்தார்கள். முதலில் நீளமாக ஒரு இழுப்பு, பிறகு குட்டிக் குட்டியாக இரண்டு. அதற்கப்புறம் உள்ளறையிலிருந்து வாசல்வரை வெறுங்காலோடு ஓடி, சட்டென்று நிற்கிற சத்தம். மூன்று வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டு எரிந்து விழுந்தவள் நான், எனக்கா அடையாளம் தெரியாது? மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது. குடிவர நினைக்கிறவர்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் கொடுத்த சாவி என் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டேதான் அத்தனையும் கேட்டேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

நீங்கள் குடிவந்த நாள் நினைவிருக்கிறது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு பீரோ, நாலு பாத்திரம், ஒற்றை ஆள். மகன் திருப்பூரில் இருக்கிறான், சொந்த ஊர் அச்சங்குளம், வெடிக் கம்பெனி வேலையை விட்டாயிற்று என்று படியேறும்போதே சொல்லிவிட்டீர்கள். செருப்புப் போடாத கால். கையில் வளையல் இல்லை, தலையில் ஒரு ஊசி இல்லை, நூல்சேலை மட்டும். உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதே, வெடிக் கம்பெனிக்குப் போனவர்களை இந்த ஊரில் அப்படித்தான் கண்டுபிடிப்போம். வேலையை விட்ட பிறகும் உங்களுக்கு அந்த வழக்கம் போகவில்லை. நல்ல மனுஷி, வம்பு தும்புக்குப் போகமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே ஆரம்பித்தது.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கோபம் எனக்கு மூக்கு நுனியில். பகல் முழுக்கக் காலண்டர் அட்டையில் தாள்கட்டு ஒட்டி ஒட்டி இடுப்பு விட்டுப்போயிருக்கும். ஆடி பிறந்தால் மார்கழி வரைக்கும் எங்களுக்குச் சீசன், வீட்டில் நடக்க இடமிருக்காது, பண்டல்தான். என் புருஷன் லாரியில் வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள். மகள் கல்லூரி விடுதியில். தனியாகக் கிடக்கிறவளுக்கு ஆகாயத்தில் ஒருத்தி கட்டில் இழுத்தால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டாம் நாள் துடைப்பக் கட்டையால் மச்சை இடித்தேன். உங்களுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் சண்டைக்கென்றே படியேறி வந்தேன். கதவைத் தட்டக் கை வைத்தேன், அது தானாகத் திறந்துகொண்டது. ராத்திரியிலும் தாழ்ப்பாள் போடுவதில்லை என்று பிறகுதான் சொன்னீர்கள். உள்ளே பார்த்தால், பகலிலும் கட்டில் நடு ஹாலில் நின்றது. உள்ளறையிலிருந்து வாசல்வரை தரையில் ஒரு செம்புகூட இல்லை, துடைத்துவிட்ட மாதிரி ஒரு பாதை. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. "செவிடன் காதுல சங்கு ஊதுன கதையா இருக்கே" என்று கத்தியே விட்டேன். அப்போதுதான் திரும்பினீர்கள். சிரித்தீர்கள், அக்கா. "இந்தக் காது போச்சு தாயி, இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க" என்றீர்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

பிறகு கட்டில் காலுக்கு மாட்ட நாலு ரப்பர்க் குப்பி வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் வந்து எனக்குத் திருநீறும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் தந்தீர்கள். சத்தம் மட்டும் நின்றபாடில்லை. ரப்பர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மாட்டினால் கட்டில் சட்டென்று நகர மாட்டேன் என்கிறது, கழற்றி வைத்துவிட்டேன் என்றீர்கள். ராத்திரி பத்தே முக்காலுக்குக் கட்டில் சட்டென்று நகர வேண்டிய அவசியம் என்ன? நான் அதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இருந்தும் இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினோம். நான் முறைப்பேன், நீங்கள் முருங்கைக்கீரை கொடுத்தனுப்புவீர்கள்.

போன வருஷச் சீசனில் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரரிடம் போய், ஒன்று அந்தம்மா இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று சொல்லிவிட்டேன். அவர் உங்களைக் கூப்பிட்டு, மாசக் கடைசியில் காலி பண்ணிக்கொள்ளச் சொன்னார். அன்று சாயங்காலம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் தடவையும் கடைசித் தடவையும் அதுதான்.

பாதிதான் கதவு திறந்தது, பின்னால் பண்டல் அடுக்கியிருந்தது. ஒருக்களித்து உள்ளே வந்தீர்கள். உட்காரவில்லை. கதவையும் பண்டலையும் மாறி மாறிப் பார்த்தபடிதான் சொன்னீர்கள். வெடிக் கம்பெனியில் நீங்கள் இருந்த கடைசித் தீபாவளிச் சீசன். அறைக்கு நாலு பேர், முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். வாசலில் ஒன்றையும் வைக்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருகிற பாடம். அன்று மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெளியே மேடையில் காய்ந்துகொண்டிருந்த சரக்கு நனைந்தால் அத்தனை பேர் உழைப்பும் வீண் என்று, நீங்களே அள்ளி, பெட்டி பெட்டியாகப் பின்வாசலில் அடுக்கியிருக்கிறீர்கள். மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று. மழை ஒரு தூற்றலோடு போய்விட்டது. பெட்டியை எடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் அறை பற்றிக்கொண்டது. நீங்களும் இன்னொருத்தியும் முன்வாசல் வழியாக வெளியே விழுந்தீர்கள். மற்ற இரண்டு பேர் பின்பக்கம் ஓடினார்கள்.

"அவுக ரெண்டு பேரும் என் பொட்டிய இளுக்கிற சத்தம், தாயி. இந்தக் காது கடைசியாக் கேட்டது அதத்தான்" என்றீர்கள். செத்த காதைத் தொட்டுக் காட்டினீர்கள்.

அப்புறம் நீங்களே மெதுவாகச் சொன்னீர்கள்:

"ராத்திரி ஊரடங்கி அந்த நேரம் ஆனா இந்தக் காதுல மறுபடியும் இளுக்காக. நான் எந்திரிச்சு வாசல ஒதுக்கி வச்சு, ஒருக்கா ஓடிப் பாத்துட்டேன்னா, நிப்பாட்டிருவாக. நான் இளுக்கலன்னா அவுக இளுக்காக."

எனக்குப் பாவம் என்றும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டுமாகச் சேர்ந்து எனக்குள் என்னவாயிற்று தெரியுமா? எரிச்சலாயிற்று. மறுநாள் விடிவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய ஆர்டர் மடியில் கிடந்தது. வீட்டைக் காலி பண்ண வேண்டாம், நான் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன், ஆனால் ராத்திரியில் இனி இழுக்கக் கூடாது என்றேன். பெரிய பெருந்தன்மைக்காரி மாதிரி. நீங்கள் சரி என்றீர்கள். போகும்போது மறுபடியும் ஒருக்களித்து, வாசலில் நின்று, "இந்தப் பண்டல மட்டும் அங்கன தள்ளி வச்சுக்கிருங்க தாயி, கதவு முழுசாத் தொறக்கணும்" என்றீர்கள். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தள்ளி வைக்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அன்றிலிருந்து மேலே ஒரு துளி சத்தம் இல்லை. நானும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். மோட்டார் போட வெளியே வந்தவள் மேலே பார்த்தேன். படியில் உட்கார்ந்திருந்தீர்கள். பின்னால் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, விளக்கில்லை. கேட்கிற காதை விட்டுவிட்டு, கேட்காத காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். தூங்கலையா அக்கா என்று கேட்டேன்.

"இளுத்துக்கிட்டே இருக்காக. நீங்க படுங்க தாயி" என்றீர்கள்.

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் மோட்டாரை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். போய் இழுத்துவிட்டுப் படுங்கள் அக்கா, நான் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது, வறட்டுக் கௌரவம் விடவில்லை. பதின்மூன்றாம் நாள் விடியற்காலையில் துணி காயப்போட மாடிக்கு ஏறியபோது அதே படியில், அதே சுவரில் சாய்ந்து இருந்தீர்கள். கை காதில்தான் இருந்தது. தொட்டேன், குளிர்ந்துவிட்டிருந்தது. இருதயம் என்றார் டாக்டர். மூச்சே அந்த விபத்திலிருந்து சரியில்லை என்றான் உங்கள் மகன். எல்லாம் சரி. பன்னிரண்டு ராத்திரி ஒரு மனுஷியை நான் தூங்கவிடவில்லை என்பது எந்தச் சீட்டிலும் இல்லை.

மகன் வந்து பீரோவையும் பாத்திரத்தையும் ஏற்றிப் போனான். கட்டில் கனம், அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போய்விட்டான். காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் ராத்திரி, பத்தே முக்காலுக்கு, மேலே கட்டில் இழுபட்டது.

அன்றைக்கு என் புருஷன் ஊரில் இருந்தார். எழுப்பினேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மேல யாரு இருக்கா? பேசாமப் படு புள்ள" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கட்டில் நடு ஹாலில் நின்றது. தூசியில் நாலு கோடு. மகன் அங்கேயே விட்டுப் போயிருப்பான் என்றார் அவர். அவன் சுவரோரம் தள்ளியபோது மறுமுனையைப் பிடித்தவளே நான்தான். அவரிடம் வாதாடவில்லை. அவர் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார், நான் தனியாக அடுத்த எட்டு ராத்திரி கேட்டேன். சாமி கும்பிட்டுப் பார்த்தேன், திருநீறு பூசிப் பார்த்தேன், உங்களிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டும் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. என் வாசலில் பண்டல் அப்படியே இருந்தது. எழுந்து, ஒவ்வொன்றாக இழுத்து உள்ளறையில் போட்டேன். கதவை முழுக்கத் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாள் போடாமல் வந்து படுத்தேன். மணி பத்தே முக்கால் ஆனது, பதினொன்று ஆனது. மேலே ஒன்றுமில்லை. அன்று ராத்திரி உங்களை நினைத்து அழுதேன் அக்கா, நீங்கள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அப்புறம் தை வந்தது, சரக்கெல்லாம் போய் வீடு காலியானது. சத்தமும் இல்லை. இந்தச் சீசனில் வாசலுக்குக் கிட்டே ஒரு தாள்கூட வைக்காமல்தான் வேலை செய்தேன். நேற்று சாயங்காலம் அவசர ஆர்டர் என்று பையன்கள் லோடை இறக்கி, கதவுக்குப் பின்னாலேயே அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று அலுப்பில் படுத்துவிட்டேன். மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தது போலத்தான். அதனால்தான் நேற்று இழுத்தீர்கள். எழுந்து ஒவ்வொரு பண்டலாக இழுத்துப் போட்டேன். இழுத்து முடித்து, என்னை அறியாமல், உள்ளறையிலிருந்து வாசல்வரை ஒரு ஓட்டம் ஓடினேன். ஓடி நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

இன்று காலையில் என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிற தம்பி படியேறி வந்தான். அச்சாபீஸில் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் முகம் கடுகடு என்று இருந்தது.

"அக்கா, ராத்திரி எதையோ இழுக்கீக, ஓடுதீக. நாங்க தூங்க வேண்டாமா?"

மன்னிச்சுக்கோ தம்பி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குனிந்து பார்த்தால் கீழே அவன் கதவு திறந்திருந்தது, உள்ளே வாசலை அடைத்துக்கொண்டு அவன் பைக் நின்றது. திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் எல்லாரும் அப்படித்தான் உள்ளே ஏற்றி வைக்கிறார்கள். "அந்த பைக்க மட்டும் வெளிய விட்டுக்கோ தம்பி, கதவு முழுசாத் திறக்கணும்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். உங்களை நான் அப்படித்தான் பார்த்தேன். இறங்கிப் போனான். வீட்டுக்காரரிடம் சொன்னாலும் சொல்வான். சொல்லட்டும்.

இதை எழுதும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. பைக்கை அவன் இன்னும் வெளியே எடுக்கவில்லை, நாளைக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். இங்கே பண்டல் எல்லாம் உள்ளறையில் கிடக்கிறது. கதவைத் திறந்து பார்த்துவிட்டேன், முழுசாகத் திறக்கிறது. தாழ்ப்பாள் போடவில்லை.

நான் இழுத்தாச்சு. நீங்க படுங்க அக்கா.