ஆத்தோட நின்னுபோன பச்சை

அன்பு மகளே, நானும் உங்கம்மாவும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம், நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி போயிடுச்சு, வாய் மட்டும் அப்படியே இருக்கு.

சேதி என்னன்னா, நம்ம மாவட்டத்தை ஒருவழியா ரெண்டா பிரிச்சுட்டாங்க. நம்ம பக்கத்துக்கு மூணு வட்டம், முப்பத்தொம்பது ஊரு. புது ஆபீஸ் சுவத்துல மாவட்டப் படம் வரையுற வேலை எனக்குத்தான் வந்துச்சு. எட்டாங்கிளாசோட ஓடினவன் இன்னிக்கு மாவட்டத்துக்கே எல்லை போடுறான்னு பீத்திக்கிட்டேன். நம்ம வீட்டைக் கடல்ல தள்ளிடாதீங்கன்னா உங்கம்மா. நான் எப்பவும் ஆத்தைத்தான் முதல்ல இழுப்பேன், அது நின்னுட்டா மத்ததெல்லாம் அதைப் புடிச்சிக்கிட்டு வந்துடும். இந்தப் பக்கம் பூரா நம்ம பச்சை, அந்தப் பக்கம் பக்கத்து மாவட்டத்து மஞ்சள்னு அடிச்சுத் தள்ளிட்டேன். ஆபீஸ்ல குடுத்த படத்துல ஆத்தைத் தாண்டி கடுகளவு பச்சை இருந்துச்சு, அச்சு மை கசிஞ்சிருக்குன்னு விட்டுட்டேன். கசிவு இல்லடா கண்ணு, அக்கரைக் குடியிருப்பு, நூத்துப்பத்து வீடு! மஞ்சள் பக்கத்து ஆபீசுக்கு அவங்க மூணு பஸ் மாறணும், நம்ம ஆபீசுக்குப் பாலம் தாண்டினா போதும். ரெண்டு வருஷம் மனு குடுத்து அலைஞ்சு நம்ம பக்கம் சேர்ந்திருக்காங்க.

திறப்பு அன்னிக்கு அக்கரைக்காரங்க அத்தனை பேரும் ஆசையா வந்தவங்க, சுவத்தைப் பார்த்ததும் வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க, ரிப்பனை வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஆபீசர் உத்தரவை நீட்டி, காகிதத்துல சரியாத்தான் இருக்கு, தப்பு பெயிண்டரோடதுன்னாரு. காகிதத்தை பீரோவுல வெச்சுப் பூட்டிடுவீங்க, நாளைக்கு வர்ற ஆபீசர் சுவத்தைத்தானே பார்ப்பாருன்னு அங்கேயிருந்து வந்த தையல்காரம்மா ஒரு போடு போட்டுச்சு. எனக்கு மானமே போச்சு. தப்பு என்னுதுதாம்மான்னுட்டு, வந்த பெரிய மனுஷங்களை எல்லாம் நிக்கவெச்சே ஏணியில ஏறினேன். ஒரு கை பச்சை அடிச்சா மஞ்சள் எட்டிப் பார்க்குது, மூணு கை அடிச்சேன். கீழே ஆளாளுக்கு, இன்னும் வலது பக்கம் இழுய்யா, எங்க வீடு விட்டுப்போச்சு, மாட்டுக் கொட்டகையையும் சேருங்கன்னு ஒரே கூத்து, ஆபீசரே சிரிச்சுட்டாரு.

நான் இறங்கினதும் அந்தம்மா மேல ஏறி, ஈரப் பச்சைமேல பெருவிரலை அழுத்திப் பார்த்துச்சு. ரேகையோட பதிஞ்சுபோச்சு. அப்புறம்தான் வாசல்ல இருந்தவங்க எழுந்து வழிவிட்டாங்க. அந்த ரேகையை அழிச்சுடுப்பான்னு ஆபீசர் சொன்னாரு. முப்பத்தொம்பது ஊருல அது ஒண்ணுக்குத்தான் சார் ஆளே வந்து கைநாட்டு வெச்சிருக்கு, நான் தொடமாட்டேன்னு சொல்லி ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

உன் ரூம் ஜன்னல் சாத்த வரலைன்னு சொன்னியே, வீட்டு ஓனருக்கு போன் பண்ணிக்கிட்டே இருக்காதே, நேரா போய் அவர் வாசல்ல நில்லு. வேளைக்குச் சாப்பிடு. கவர்ல மறக்காம புது மாவட்டப் பேரைப் போடு, இல்லன்னா உன் கடுதாசி பக்கத்து மாவட்டத்தைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் வரும். நீ எங்கே இருந்தாலும் நல்லா இருப்பே.

உன் அப்பா